பழுதான வண்டி நெடுநாள் ஓடியது எப்படி?

திருப்பூரை அடுத்த எங்கள் வேலம்பாளையத்தில், காலை நேரத்தில் பனியன் கம்பெனிகளுக்கு விரையும் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் ஓர் ஒலியை மட்டும் தனியே பிரித்தறியலாம். 'டுப்... டுப்... டுப்...' ஆம், பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் ஒலிதான் அது. தந்தை வாங்கிய வண்டியை இன்று மகன் ஓட்டுகிறார். விடுமுறை நாளில் அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கும் சென்று திரும்புகிறார்.

அப்படியானால் அது பழுதே ஆகாத வண்டியா? புல்லட் வைத்திருந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். எண்ணெய் கசியும், நட்டு கழலும், விளக்கு அணையும். அடிக்கடி பழுதாகும் ஒரு பொறி நெடுந்தொலைவுப் பயணங்களுக்குப் பெயர் பெற்றது எப்படி? இந்தப் புதிருக்கு விடை காண, அதன் வரலாற்றையும் சிறிது இயற்பியலையும் பார்ப்போம்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1930களின் தொடக்கத்தில் வந்தது. இந்தியா விடுதலை பெற்றபின், எல்லைப் பகுதிகளில் ரோந்து செல்ல நம் இராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. 350 சி.சி. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டப்பட்டன. 1960களில் உறுப்புகளும் இங்கேயே உருவாயின.

பின்னர் நடந்ததுதான் விந்தை! தாய் நிறுவனம் 1970இல் இங்கிலாந்தில் மறைந்தது. ஆனால் அதன் 1950களின் எஞ்சின் திருவொற்றியூரில் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று.

பழுதுகளின் இயற்பியல்

அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் செல்லும் தொலைவு 90 மி.மீ. கொள்ளளவை நீங்களே கணக்கிடலாம்: 346 கன செ.மீ. வரும். ஒரே சிலிண்டர், ஒரே பிஸ்டன். இதுதான் முதல் பழுதுக்கு வித்து.

பிஸ்டனின் இயக்கத்தைத் தனிச்சீரிசை இயக்கம் என்று கொள்வோம். வீச்சு 45 மி.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது பிஸ்டனின் பெரும முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 450 மடங்கு! இந்த விசையைச் சமன்செய்ய வட்டுகளில் எதிர் எடை வைக்கிறார்கள். எனினும் ஒற்றைச் சிலிண்டரில் அதனால் முழுச் சமன் கிடைக்காது; மேல்கீழ் அதிர்வைக் குறைத்தால் முன்பின் அதிர்வு கூடும். எஞ்சிய அதிர்வு நட்டுகளைக் கழற்றும். விளக்கின் இழையை அறுக்கும். மட்கார்டைத் தாங்கும் கம்பியில் கீறல் விடும்.

இரண்டாவது, வெப்பம். சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியக் கலவை. 150 டிகிரி சூடேறினால் 70 மி.மீ. அலுமினியம் சுமார் 0.24 மி.மீ. விரியும், இரும்பு 0.12 மி.மீ. மட்டுமே விரியும். கலவையில் சிலிக்கன் சேர்ப்பதால் வேறுபாடு குறையும், ஆனால் மறையாது. போதிய இடைவெளி இல்லாத புதுப் பிஸ்டனை விரட்டினால் அது சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். 'சீஸ் ஆகிவிட்டது' என்பது இதைத்தான். புது வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொன்னதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

மூன்றாவது, எண்ணெய். எஞ்சின் கூட்டின் ஓர் அறையே எண்ணெய்த் தொட்டி. ஒரு பம்பு எண்ணெயை அனுப்பும். மற்றொன்று திரும்பக் கொண்டுவரும். வண்டியைப் பல வாரம் நிறுத்தி வைத்தால் எண்ணெய் பம்பின் வழியே மெல்ல இறங்கிச் சுழல்தண்டின் அறையில் தேங்கிவிடும். அப்போது வண்டியைக் கிளப்பினால் புகை கக்கும். மாறாக எண்ணெய் போதாமற்போனால், பிஸ்டனைத் தாங்கும் தண்டின் அடிப்பகுதியில் உள்ள புஷ் தேயும். கீழேயிருந்து 'டக் டக்' என்ற தட்டல் எழும். அந்த ஒலி கேட்டபின் தொடர்ந்து ஓட்டுவது எஞ்சினுக்கே ஆபத்து.

நான்காவது, மலைப் பயணத்தில் வருவது. உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவை செறிவாகிறது, பிளக்கில் கரி படிகிறது, இழுவை குறைகிறது. பழுது வண்டியில் இல்லை, காற்றில் இருக்கிறது!

விடை எங்கே?

இனி நம் புதிருக்கு வருவோம். ஒரு பொறியின் நம்பகத்தில் இரு பகுதிகள் உண்டு: எத்தனை நாளுக்கு ஒருமுறை பழுதாகிறது என்பது ஒன்று; பழுதானால் எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்பது மற்றொன்று. ஓர் எடுத்துக்காட்டு. ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகி, உதிரி உறுப்புக்காகப் பத்து நாள் காத்திருக்கும் பொறி ஒன்று. நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகி, ஒரு மணி நேரத்தில் சரியாகும் பொறி மற்றொன்று. முதலாவது மொத்தக் காலத்தில் 81 விழுக்காடும், இரண்டாவது 99 விழுக்காடும் உழைக்கும். புல்லட் இரண்டாம் வகை.

எங்கள் ஊர்ப் பட்டறையில் இதை நேரில் காணலாம். மெக்கானிக் டேப்பெட் மூடியைத் திறந்து, தள்ளுதண்டை இரு விரலால் உருட்டிப் பார்ப்பார். தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அளவுகோல் அவர் விரல்தான்! தீப்பொறிக்கான தொடுமுனைகளை அவர் 'பிளாட்டினம்' என்பார். உண்மையில் அவை டங்ஸ்டன். அவற்றின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, அதைச் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம். தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போட்டால் வண்டிக்கு மறுபிறவி. பாத்திரத்துக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையமும் பனியன் எந்திரங்களும் சூழ்ந்த இப்பகுதியில் கடைசலுக்கும் கைத்திறனுக்கும் பஞ்சமில்லை.

ஒரே அமைப்பு அரை நூற்றாண்டு மாறாதிருந்ததால், ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்கும் பயன்பட்டது. வேகமாக மாறும் எந்திரங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

பழையதே சிறந்ததா?

அப்படிச் சொல்வது அறிவியல் நோக்கு ஆகாது. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் வசமாயிற்று. 2008-09இல், எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. டேப்பெட்டுகள் எண்ணெய் அழுத்தத்தால் தம்மைத் தாமே சரிசெய்துகொண்டன, தொடுமுனைகளுக்கு வேலையில்லை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் படிப்படியாக விடைபெற்றது. புதியவற்றில் பழுது குறைவு; கசிவு குறைவு. பெட்ரோலைக் காற்றின் அளவறிந்து செலுத்தும் வண்டிகள் மலையில் மூச்சுத் திணறுவதும் இல்லை.

ஆனால் நாம் மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள். 'ஒரு மணி நேரத்தில் சரியாகும்' என்ற சொல்லுக்குள், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரு மனிதர் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் அந்த 99 விழுக்காடும் இல்லை. உருட்டிப் பார்க்கும் அந்த விரலின் அறிவு எந்தப் பாடநூலிலும் முழுமையாக ஏறவில்லை.

எனவே மாணவர்களே, உங்கள் ஊரிலும் அப்படியொரு பட்டறை இருக்கக்கூடும். ஒரு மாலை நேரம் அங்கே போய் நில்லுங்கள். தட்டும் ஒலி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிறகு, அது ஏன் வருகிறது என்பதை உங்கள் இயற்பியல் நூலில் தேடுங்கள்.