மூலமும் உரையும்: மென்பொருள் ஆக்குநரின் தொழிற்கல்வி வரலாறு – ஒரு நோக்கு

தொழில்கள் கற்கப்படும் முறையினை இருவகையாகப் பிரித்து நோக்குவது மரபு. ஒன்று பட்டறையிலே ஆசானின் அருகிருந்து கைப்பழக்கத்தாற் பெறுவது; மற்றையது கல்விக்கூடத்திலே நூல்வழி பெறுவது. கொல்லரும் தச்சரும் முதலாவது வழியிற் பயின்றனர். மருத்துவர் காலப்போக்கில் இரண்டாவது வழிக்கு வந்தபோதும், நோயாளியின் படுக்கையருகே நின்று பயிலும் பழைய முறையினைக் கைவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தோன்றிய கணினிச் செய்நிரலாக்கத்துக்கோ தொடக்கத்திற் பட்டறையும் இருக்கவில்லை, கல்விக்கூடமும் இருக்கவில்லை. முன்னோர் எவருமற்ற ஒரு தொழிலை அதன் முதல் தலைமுறையினர் எவ்வாறு கற்றனர்? அடுத்த தலைமுறையினருக்கு எவ்வாறு கையளித்தனர்? இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றிலே இரண்டு பயிற்சிகள் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன. பிறர் எழுதிய செய்நிரலை வாசித்தல் ஒன்று. பிறர் பயன்படுத்தத்தக்க ஒன்றைத் தானே ஆக்குதல் மற்றொன்று. முதலாவது பயிற்சிக்குத் தடை ஏற்பட்ட காலங்களில் இரண்டாவதும் நலிவுற்றது. தடை நீங்கிய இடங்களில் மாணவரின் செயற்றிட்டங்கள் உலகளாவிய பயனைத் தந்தன.

கேம்பிறிட்ஜின் அலுமாரி

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வுகூடத்திலே எட்சாக் என்னும் கணினி தன் முதற் கணிப்பினைச் செய்துமுடித்தது. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் மோரிஸ் வில்க்ஸ். இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. பிழையற்ற செய்நிரலை எழுதுதல் எவரும் எண்ணியதைவிடக் கடினமானதாக இருந்தது. வில்க்ஸ் எழுதிய தொடக்ககாலச் செய்நிரலொன்று 126 கட்டளைகளை மட்டுமே கொண்டது. அதில் இருபது வரையிலான பிழைகள் இருந்தன. தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தம் செய்நிரல்களிலே பிழை தேடுவதிற் கழியப்போகின்றது என்ற உணர்வு அந்நாட்களில் தமக்கு ஏற்பட்டதாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

இப்பிரச்சினைக்குக் கேம்பிறிட்ஜ் கண்ட தீர்வு கல்வி வரலாற்றிலும் முக்கியமானது. ஒருவர் எழுதிப் பிழைநீக்கிய செய்நிரற் பகுதிகள் துளையிடப்பட்ட தாள்நாடாக்களிலே பதியப்பட்டு, உருக்கு அலுமாரியொன்றிற் சேமிக்கப்பட்டன. புதிதாக எழுதுவோர் அவற்றை எடுத்துத் தம் செய்நிரலோடு இணைத்துக்கொண்டனர். 1951ஆம் ஆண்டளவில் இந்நூலகத்தில் 87 பகுதிகள் இருந்தன. நாடாவை இணைத்துக்கொள்ளும் முறையினை வகுத்தவர் டேவிட் வீலர் என்னும் ஆய்வு மாணவர் என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது. அவரும் வில்க்சும் ஸ்டான்லி கில்லும் இணைந்து 1951இல் வெளியிட்ட நூலே செய்நிரலாக்கம் பற்றிய முதல் நூலாகக் கருதப்படுகிறது. அந்நூலின் கணிசமான பகுதி அலுமாரியில் இருந்த செய்நிரல்களின் பட்டியலே. கொள்கைகளை மட்டும் கூறாது முழுமையான எடுத்துக்காட்டுகளைக் கண்முன் வைப்பதே கற்பித்தலாகும் என அவ்வாசிரியர்கள் கருதினர் போலும்.

1950 முதல் அங்கே கோடைகாலப் பயிற்சி வகுப்புகள் நடைபெற்றன. பின்னாளிற் கணினியியலின் பேரறிஞராகப் போற்றப்பட்ட நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1951ஆம் ஆண்டு வகுப்பின் மாணவர். 1953இல் கணினித்துறைக்கான டிப்ளோமாக் கற்கைநெறியொன்றும் தொடங்கப்பட்டது. எனவே பட்டறையும் கல்விக்கூடமும் ஒரே கூரையின்கீழ்த் தோன்றிய அரிய சூழலொன்றைக் கேம்பிறிட்ஜில் காணலாம்.

வாசிப்பு அருகிய காலம்

அடுத்த இரு தசாப்தங்களில் நிலைமை மாறியது. கணினிகள் வர்த்தக நிறுவனங்களுக்கும் அரச திணைக்களங்களுக்கும் சென்றன. செய்நிரல்கள் பல்லாயிரம் வரிகளாகப் பெருகின. திட்டமிட்ட காலத்திலும் செலவிலும் அவற்றை முடிக்கவியலாது பல நிறுவனங்கள் தடுமாறின. 1968ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரிலே நேட்டோ அமைப்பின் ஆதரவில் நடைபெற்ற மாநாடு இந்நெருக்கடியை வெளிப்படையாக விவாதித்தது. மென்பொருட் பொறியியல் என்னும் தொடர் பரவலாக வழக்கிற்கு வந்தது இம்மாநாட்டின் பின்னரே.

இத்தொழிலின் மனிதப் பக்கத்தை நோக்கியவருள் ஜெரல்ட் வைன்பேர்க் குறிப்பிடத்தக்கவர். கணினிச் செய்நிரலாக்கத்தின் உளவியல் பற்றி 1971இல் அவர் வெளியிட்ட நூல், செய்நிரல்களை வாசித்தல் என்னும் இயலோடு தொடங்குகிறது. செய்நிரலாளர் எழுதுவதையே நாடுகின்றனர், பிறருடையதை வாசிப்பதில்லை என்பது அவரது கவலை. எழுத்தாளனாக விரும்புவோன் இலக்கியங்களை வாசிக்காதிருத்தல் எவ்வளவு விந்தையோ, இதுவும் அவ்வளவு விந்தையே. சகபாடிகள் ஒருவர் ஆக்கத்தை மற்றவர் வாசித்துத் திருத்துவதையும், அத்திருத்தத்தைத் தன் பெருமைக்கு இழுக்காகக் கொள்ளாத மனப்பாங்கினையும் அவர் வற்புறுத்தினார். பட்டம் பெற்றபின்னரும் தொடரவேண்டிய தொழிற்கல்வியின் அடிப்படை இதுவெனலாம்.

யுனிக்சும் பல்கலைக்கழகங்களும்

1969இல் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடங்களிலே கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கத் தொடங்கினர். கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தி, பிற செய்நிரல்கள் இயங்குவதற்குக் களம் அமைத்துக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளே பணிசெயல் முறைமையாகும். 1973இல் யுனிக்ஸ் பெரும்பாலும் சீ மொழியில் மீள எழுதப்பட்டமையால், பயின்றோர் எவரும் வாசித்து விளங்கத்தக்க வடிவம் அதற்குக் கிடைத்தது.

அது பல்கலைக்கழகங்களுக்குச் சென்றமைக்குச் சட்டப் பின்னணியொன்று உண்டு. பெல் ஆய்வுகூடங்களின் தாய்நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி. தொலைபேசித் துறையிலே பெற்றிருந்த தனியாதிக்கம் காரணமாக, 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத் தீர்ப்பு பிற வர்த்தகங்களில் இறங்குவதற்கு அதனைத் தடைசெய்திருந்தது. எனவே கணினிப் பொருளாக விற்கவியலாத யுனிக்சைச் சிறு தொகை பெற்றுப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கினர். அதன் மூலநிரலையும், அதாவது செய்நிரலாளர் எழுதிய மூல வடிவத்தையும், உடன் அளித்தனர். இதன் விளைவுகளைக் கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்திலே தெளிவாகக் காணலாம். பட்டப்பின் மாணவராயிருந்த பில் ஜோய் முதலானோர் கிடைத்த மூலநிரலை வாசித்தனர், திருத்தினர், புதியன சேர்த்தனர். 1978இல் அவர்கள் தம் தொகுப்பினைத் தாமே வெளியிட்டனர். 1983இல் வெளிவந்த அதன் பதிப்பொன்று, இன்றைய இணையத்துக்கு அடிப்படையான தொடர்பாடல் விதிமுறைகளைப் பல பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுசென்றது. வகுப்பறைத் தேவைக்காகத் தொடங்கிய வேலை உலகின் பொதுவுடைமையான கதை இது.

மூலமும் உரையும்

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலே ஜோன் லயன்ஸ் என்னும் விரிவுரையாளர் இம்மூலநிரலையே பாடநூலாக்கத் துணிந்தார். யுனிக்சின் ஆறாம் பதிப்பினுடைய கருவினை, சுமார் 9,000 வரிகளை, ஒரு நூலாக அச்சிட்டார். அவ்வரிகளை விளக்கும் உரையினை மற்றொரு நூலாக எழுதினார். 1976ஆம், 1977ஆம் ஆண்டுகளில் இவை மாணவர் கைகளை அடைந்தன.

தமிழ் மாணவருக்கு இம்முறை புதிதன்று. மூலத்தையும் உரையையும் அருகருகே வைத்து, சொல்லுக்குச் சொல் பொருள்கண்டு, ஆசிரியன் இவ்விடத்தில் இவ்வாறு கூறியது ஏன் என வினவிப் பயில்வது நம் இலக்கணக் கல்வியின் நெடுங்கால வழக்கம். நூற்பா கூறாது விட்டதை உரையாசிரியர் வெளிக்கொணர்வது போல, செய்நிரல் வரி கூறாது விட்ட காரணத்தை லயன்சின் உரை வெளிக்கொணர்ந்தது.

ஆயினும் இம்முயற்சி நெடுங்காலம் தடையின்றித் தொடரவில்லை. யுனிக்சின் வர்த்தகப் பெறுமதி உணரப்பட்டதும், 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமப் பத்திரம் மூலநிரலை வகுப்புகளிற் கற்பிப்பதைத் தடைசெய்தது. லயன்சின் நூல்களும் உரிமம் பெற்றோர்க்கு மட்டுமே உரியனவாயின. மாணவரோ அவற்றை நிழற்பிரதி எடுத்தனர். பிரதியிலிருந்து மீண்டும் பிரதி எடுத்தனர். எழுத்து மங்கிய அப்பிரதிகள், ஏட்டுச்சுவடிகள் படியெடுக்கப்பட்டுப் பரவியதைப் போலக் கைமாறின. 1996இலேதான் அந்நூல் முறைப்படி அனுமதியுடன் வெளியிடப்பட்டது. இருபதாண்டுக் காலம் ஒரு பாடநூல் மறைவிலே வாழ்ந்தமை, வாசிப்பு வேட்கையின் வலிமைக்குச் சான்றாகும்.

ஆசிரியரின் மூலமும் மாணவரின் மூலமும்

அம்ஸ்டர்டாமின் விரிஜே பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்ட்ரூ டனென்பாம் இத்தடைக்கு வேறொரு விடை கண்டார். உண்மையான முறைமையொன்றை வாசியாது கொள்கையை மட்டும் கற்கும் மாணவன் சமநிலையற்ற அறிவினையே பெறுவான் என்பது அவர் கருத்து. எனவே ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் வரியொன்றையேனும் எடுத்தாளாது, மினிக்ஸ் என்னும் சிறு முறைமையொன்றைத் தாமே எழுதினார். 1987இல் வெளிவந்த அவரது பாடநூல் அதன் மூலநிரலையும் தன்னுள்ளே கொண்டிருந்தது.

அந்நூலை வாசித்தவருள் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்சும் ஒருவர். 1991ஆம் ஆண்டின் தொடக்கத்திற் புதிய கணினியொன்றை வாங்கிய அவர், அதன் செயலியின் ஆற்றலை அறியும் ஆவலில் சிறு செய்நிரல்களை எழுதினார். அவற்றிலொன்று படிப்படியாகப் பணிசெயல் முறைமையாக வளர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி மினிக்ஸ் பயனாளருக்கு அவர் அனுப்பிய அறிவித்தல், அதனை வெறும் பொழுதுபோக்கு முயற்சியெனவே வருணித்தது. அப்போது அவருக்கு வயது 21. முதலில் வெளியிடப்பட்ட மூலநிரல் சுமார் 10,000 வரிகளைக் கொண்டது. 1992இல் எவரும் வாசித்துத் திருத்தி மீள வெளியிடலாம் என்னும் பொது உரிமத்தின்கீழ் அது வந்தது.

1992 ஜனவரியில் டனென்பாம் லினக்சின் அமைப்பினைக் கடுமையாக விமர்சித்தார். அது காலங்கடந்த வடிவமைப்பென்றும், ஒரேவகைச் செயலியோடு பிணைக்கப்பட்டதென்றும், தம் மாணவராயின் இதற்கு உயர்ந்த புள்ளி கிடைத்திராதென்றும் கூறினார். டோர்வால்ட்ஸ் சூடாகவே பதிலளித்தார்; பின்னர் தம் தொனிக்கு வருத்தமும் தெரிவித்தார். இவ்விவாதத்தில் ஆசிரியர் தோற்றார், மாணவர் வென்றார் எனக் கொள்வது எளிது. ஆனால் அது பொருந்தாது. விமர்சனத்தின் ஒரு பகுதி நியாயமானது. 1997இல் டோர்வால்ட்ஸ் சமர்ப்பித்த முதுமாணி ஆய்வேடு, லினக்சைப் பலவகைக் கணினிகளுக்கும் பெயர்க்கத்தக்க முறைமையாகவே முன்வைத்தது. ஐந்தாண்டுகளின் முன் குறையெனச் சுட்டப்பட்டதே ஆய்வுப் பொருளாயிற்று. ஆசிரியர் தந்த மூலத்தை வாசித்து, அதனோடு முரண்பட்டு, முரண்பாட்டினூடே வளர்ந்த மாணவரை இங்கே காண்கிறோம். புள்ளியிடுதல் ஒரு நாளின் மதிப்பீடு. பயன்பாடோ தொடர்ந்து நிகழும் மதிப்பீடு.

லினக்சின் வளர்ச்சி தொழிற்கல்விக்குப் புதிய வடிவமொன்றையும் அளித்தது. ஒருவர் அனுப்பும் திருத்தத்தை அனுபவமுள்ளோர் வாசித்து, குறைகூறித் திருப்பியனுப்பி, ஈற்றில் ஏற்பது அதன் நடைமுறை. வைன்பேர்க் விரும்பிய பரஸ்பர வாசிப்பு இவ்வாறு நாடுகளின் எல்லை கடந்து வழக்கமாயிற்று.

இலங்கையின் அனுபவம்

திறந்த மூலநிரலின் பயன் தொலைதூர நாடுகளையும் எட்டியது. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிந்து ஒழுங்குபடுத்த இலங்கையின் தொண்டர்கள் சகானா என்னும் மென்பொருளை மிகக் குறுகிய காலத்தில் எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் பெயர் அது. 2003இல் நிறுவப்பட்ட லங்கா சொவ்ற்வெயர் பவுண்டேஷன் இதற்கு ஆதரவளித்தது. மூலநிரல் திறந்திருந்தமையால், 2005இன் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அதனைப் பயன்படுத்த முடிந்தது.

மாணவர் விடுமுறையிலே திறந்த செயற்றிட்டங்களிற் பணியாற்றுவதற்குக் கூகிள் நிறுவனம் 2005இல் ஆரம்பித்த திட்டத்திலும், முதற் பத்தாண்டுக் காலத்தில் மிக அதிகமான மாணவரைப் பங்குபெறச் செய்த கல்விநிலையமாக மொறட்டுவைப் பல்கலைக்கழகம் விளங்கியது. வளம்மிக்க ஆய்வுகூடங்கள் இல்லாத இடத்திலும் வாசிப்பதற்கு மூலமும் திருத்துவதற்கு ஆசானும் கிடைப்பின், மாணவர் பின்னிற்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, மென்பொருள் ஆக்குநரின் கல்வி விரிவுரையால் மட்டும் நிகழவில்லை என்பது புலனாகும். கேம்பிறிட்ஜின் அலுமாரி, லயன்சின் உரை, டனென்பாமின் நூல் ஆகிய மூன்றும் மாணவன் வாசிப்பதற்கு நல்ல மூலமொன்றை அவன்முன் வைத்தன. வீலரும் ஜோயும் டோர்வால்ட்சும் அவ்வாறான சூழல்களிலிருந்து எழுந்தனர். எல்லா மாணவரும் அவர்களைப் போலப் புகழடைவர் எனக் கூறுவதற்கில்லை. எனினும் பரீட்சகர் ஒருவரே புரட்டிப்பார்த்தபின் அடுக்கில் உறங்கும் செயற்றிட்டத்துக்கும், முகமறியாத ஒருவர் தன் தேவைக்கு எடுத்தாண்டு பிழை சுட்டும் செயற்றிட்டத்துக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னையது பட்டத்தோடு முடிகிறது. பின்னையது தொழிலைத் தொடக்கிவைக்கிறது.

இவ்வுண்மை கணினித்துறைக்கு மட்டும் உரியதன்று. கலைப்பீடத்து ஆய்வேடுகளுக்கும் இதே வினா பொருந்தும்: அவை யார் வாசிப்பதற்காக எழுதப்படுகின்றன? வாசகர் ஒருவரை மனத்திற்கொண்டு எழுதும் மாணவனும், மாணவன் வாசிக்கத் தகுந்த மூலத்தைத் தேடித்தரும் ஆசிரியரும் சேருமிடத்திலேதான் கல்விக்கூடம் பட்டறையாகவும் விளங்குகிறது.