பேரம் பேசிய பரிசு

கண்டக்குழிக் கரையில் தந்தையின் வலையை இழுக்க விருப்போடு ஓடிவரும் சிறுவனிடம், “இழுத்தால் மிட்டாய் தருவேன்” என்று சொன்னால் என்ன நேரும்? இதனையொத்த வினாவுக்கு 1973ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு விடை கூறியது.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்னும் மூவர், சித்திரம் தீட்டுவதில் ஆர்வமுள்ள சிறுவர் சிலருக்குப் பரிசு தருவதாக முன்னரே வாக்களித்து, அவ்வாறே வழங்கினர். ஓரிரு வாரங்களின் பின், பரிசின் பேச்சின்றி வண்ணப் பேனாக்களை மீண்டும் வைத்தனர். பரிசே பெறாத சிறுவர் தீட்டிய நேரத்தில் ஏறத்தாழ அரைவாசியே இவர்கள் தீட்டினர். எதிர்பாராது பரிசு பெற்றவர்களிடமோ ஆர்வம் குன்றவில்லை.

எனவே, கேடு பரிசிலன்று. முன்கூட்டிப் பேசிய பேரத்திலேயே உள்ளது. நல்லொழுக்கத்தை மிட்டாய்க்கு விலைபேசும் பெற்றோரும் இதனை அஞ்சுதல் வேண்டும். விருப்பம் கூலியாக மாறிவிட்டால், கூலி நின்ற நாளில் வலையும் கரையிலேயே கிடக்கும்.