ஃபல்கனா ஹோல்டனா: தையல் அறையிலிருந்து சில குறிப்புகள்

ஒக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் மெல்பேர்ண் வீட்டில் யாரும் கோயிலுக்குப் போவதில்லை. அன்றைக்குத் தொலைக்காட்சியில் பாத்தர்ஸ்ட் கார்ப் பந்தயம். காலையிலேயே சித்தப்பா வந்துவிடுவார். அவர் ஃபோர்ட் கட்சி, அண்ணா ஹோல்டன் கட்சி. பந்தயம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடும். இவர்களுடைய வாக்குவாதம் அதற்குப் பிறகும் ஓடும்.

தொண்ணூறுகளில் நான் சிறுமி. எனக்கு விளங்காமல் இருந்த ஒன்று, இவர்கள் கடைசியில் எப்போதும் தாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முந்திய கார்களைப் பற்றியே சண்டை பிடித்ததுதான். 1971ஆம் ஆண்டு ஃபல்கன், 1972ஆம் ஆண்டு டொரானா. அந்த ஆண்டுகளில் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார். பிறகு விளங்கியது. வேலைத்தலத்தில் வெள்ளைக்கார ஆண்களோடு நின்று கதைப்பதற்கு ஒரு கட்சி தேவைப்பட்டது. ‘நீ ஃபோர்டா ஹோல்டனா’ என்ற கேள்விக்குப் பதில் இருந்தால், ‘நீ எங்கேயிருந்து வந்தாய்’ என்ற கேள்வி கொஞ்சம் தள்ளிப்போகும். அந்த வாக்குவாதம் அவர்களுக்கு ஒரு குடியுரிமைப் பத்திரம் மாதிரி.

அம்மா அந்த நேரம் குசினியில் நிற்பார். அவரிடம் யாரும் எந்தக் கட்சி என்று கேட்டதில்லை. 1990 தொடக்கம் பதினான்கு வருடம் அவர் வேலை செய்தது ஒரு கார் இருக்கைத் தையல் ஆலையில்.

இந்தக் கட்டுரை அந்த வாக்குவாதத்தின் வரலாறு பற்றியது. அதற்குள் யார் பேசினார்கள், எதை அளந்தார்கள், எது அளக்கப்படவில்லை என்பது பற்றியது.

முதலில் வாக்குவாதக்காரர்களுக்கு நியாயம் செய்வோம். அவர்கள் பேசுகிற கார்கள் உண்மையிலேயே அசாதாரணமானவை. அறுபதுகளின் கடைசியில் அவுஸ்திரேலியாவில் ‘மசில் கார்’ என்ற ஒரு வகை பிறந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற குடும்பக் காரின் உடம்புக்குள் பந்தய எஞ்சினை வைத்தால் வருவது அது. 1967இல் ஃபோர்ட் தன் ஃபல்கனில் 4.7 லீற்றர் வி8 எஞ்சினைப் பொருத்தி ஜீ.ரீ. என்று பெயரிட்டது. அடுத்த ஆண்டு ஹோல்டன் மொனாரோவைக் கொண்டுவந்தது. 1971இல் வந்தது சித்தப்பாவின் கடவுள்: ஃபல்கன் ஜீ.ரீ.-எச்.ஓ. ஃபேஸ் த்ரீ. 5.8 லீற்றர் எஞ்சின், நான்கு கதவு, மணிக்கு ஏறத்தாழ 228 கிலோமீற்றர். நிறுவனம் சொன்ன கணக்கு 300 குதிரைவலு. உண்மையில் அதற்கு மேலே என்று எல்லோரும் நம்பினார்கள். செய்யப்பட்டது 300 கார்கள் மட்டுமே. அலன் மொஃபற் அதை ஓட்டி அந்த வருடம் பாத்தர்ஸ்ட்டில் வென்றார்.

அண்ணாவின் பதில் அடுத்த வருடத்தில் இருந்தது. 1972இல் மழையில் நடந்த பந்தயத்தில் பீற்றர் புரொக் என்ற இளைஞர் சின்ன டொரானா எக்ஸ்.யூ.-1ஐ ஓட்டி வென்றார். ஆறே சிலிண்டர். பாரமான ஃபல்கனைப் பாரம் குறைந்த டொரானா முந்தலாம் என்பது அண்ணாவின் வாதம். மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. கிறைஸ்லரின் வேலியன்ட் சார்ஜர் ஈ49, அதுவும் ஆறு சிலிண்டர்தான், ஆனால் 302 குதிரைவலு. அதன் மூன்று இத்தாலிய வெபர் காபரேற்றர்களைப் பற்றி மட்டும் ஒரு பின்னேரம் முழுவதும் பேசக்கூடிய ஆட்களை எனக்குத் தெரியும்.

வாதத்தின் அடியில் எப்போதும் ஒரு பெருமை இருக்கும்: இவை ‘நம்முடைய’ கார்கள். 1948 நவம்பர் 29 அன்று பிரதமர் பென் சிஃப்லி முதல் ஹோல்டனை அறிமுகப்படுத்தியபோது அது அவுஸ்திரேலியாவின் சொந்தக் கார் என்றே விற்கப்பட்டது. ஆனால் ஹோல்டன் 1931இலிருந்து ஜெனரல் மோட்டர்ஸின் சொத்து. அந்த முதல் காரின் மாதிரி வண்டிகள் அமெரிக்காவில் கட்டப்பட்டுக் கப்பலில் வந்தவை. ஃபோர்டும் கிறைஸ்லரும் அமெரிக்க நிறுவனங்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஃபேஸ் த்ரீயின் எஞ்சினும், 1968, 1969 ஆண்டுகளில் பாத்தர்ஸ்ட்டை வென்ற மொனாரோக்களின் ஷெவர்லே எஞ்சின்களும் அமெரிக்காவிலிருந்து இறக்கப்பட்டவை. டொரானாவினதும் சார்ஜரினதும் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இங்கேயே வார்க்கப்பட்டவை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ‘நம்முடைய பலம்’ என்று மார்தட்டப்பட்ட மிகப் பெரிய எஞ்சின்கள் பெட்டியில் வந்தவை.

அப்படியானால் இந்தக் கார்களில் இந்த மண்ணுக்குரியது எது? இதைத் தேடப்போனபோது எனக்குப் பெண்கள் அகப்பட்டார்கள்.

ஒருத்தி விக்ரோறியா மாநிலத்தின் கிப்ஸ்லாண்டைச் சேர்ந்த விவசாயி ஒருவரின் மனைவி. ஃபோர்ட் நிறுவனமே பெருமையோடு சொல்லிவரும் கதை இது. 1932இல் அவர் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். ஜீலோங் ஆலையில் இருந்த லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதைச் செய்தார். 1934இல் ‘யூட்’ பிறந்தது. முன்பக்கம் கார், பின்பக்கம் தட்டு. இந்த நாடு உலகத்துக்குக் கொடுத்த வாகன வடிவம் என்று இவர்கள் சொல்வது இதைத்தான். மசில் கார் காலம் யூட்டையும் விடவில்லை. 2006இல் ஹோல்டன் வகையைச் சேர்ந்த மலூ என்ற வி8 யூட் மணிக்கு 271 கிலோமீற்றருக்கு மேல் ஓடி உலக சாதனை வைத்தது. லூ பாண்டின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. சாதனை ஓட்டியவரின் பெயரும் இருக்கிறது. கடிதம் எழுதியவர் இன்றைக்கும் ‘ஒரு விவசாயியின் மனைவி’.

மற்றவர்கள் தையல் அறையில் இருந்தார்கள். ஹோல்டனின் கதை 1856இல் அடிலெய்ட்டில் ஒரு சேணக் கடையில் தொடங்குகிறது. குதிரைச் சேணம் தைத்தவர்கள் பிறகு வண்டி இருக்கை தைத்தார்கள், பிறகு கார் உடல் கட்டினார்கள். எஞ்சினுக்கு முன்னால் இங்கே இருந்தது தையல்தான். கார் ஆலைகள் வளர்ந்தபோது இருக்கை உறை தைக்கும் இயந்திரங்களில் பெரும்பாலும் பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். போருக்குப் பிறகு அவர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்தவர்கள்.

றெக்சீன் தைப்பது துணி தைப்பது போல இல்லை என்று அம்மா சொல்வார். துணியில் பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம். றெக்சீனில் ஊசி ஒருமுறை இறங்கினால் துளை துளைதான். பிரித்தால் அந்தத் துண்டு கழிவு. கழிவு உங்கள் பெயரில் எழுதப்படும். வளைவில் தையல் கோணாமல் வரவேண்டும், இரட்டைத் தையல் இரண்டும் ஒரே இடைவெளியில் ஓடவேண்டும், அதுவும் மணிக்கு இத்தனை உறை என்ற கணக்குக்குள். இதைத் ‘தேர்ச்சி’ என்று யாரும் எழுதவில்லை. பெண்களுக்குத் தையல் இயல்பாக வரும் என்று விட்டுவிட்டார்கள். இயல்பாக வருவதற்குச் சம்பளம் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதற்குக் கணக்கு உண்டு. 1950இலிருந்து பெண்ணின் அடிப்படைச் சம்பளம் ஆணினதில் 75 வீதம் என்று வைக்கப்பட்டிருந்தது. 1969இல் சம வேலைக்குச் சம சம்பளம் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் ஆண்கள் செய்யும் அதே வேலையைச் செய்யும் பெண்களுக்கு மட்டும்தான். பெண்கள் மட்டுமே இருக்கும் தையல் அறைக்கு அதனால் பயன் இல்லை. அந்த ஒக்டோபரில்தான் மொனாரோ பாத்தர்ஸ்ட்டை வென்றது. அதே ஒக்டோபர் 21இல் செல்டா டப்றானோ மெல்பேர்ணில் அரசாங்கக் கட்டடத்தின் கதவில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். முதல் செய்தியை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவார்கள். இரண்டாவதை நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அறிந்தேன்.

மசில் கார் ரசிகர்கள் 1972ஐத் துக்க வருடம் என்பார்கள். அந்த யூன் மாதம் ஒரு சிட்னி ஞாயிறு பத்திரிகை, மணிக்கு 160 மைல் ஓடும் ‘சூப்பர் கார்கள்’ தெருவுக்கு வரப்போகின்றன என்று முதல் பக்கத்தில் எழுதியது. நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் அவற்றைச் சக்கரம் பூட்டிய தோட்டாக்கள் என்றார். சில நாட்களுக்குள் மூன்று நிறுவனங்களும் திட்டங்களைக் கைவிட்டன. ஃபேஸ் ஃபோர் நான்கு கார்களோடு நின்றது. ஒரு பத்திரிகைக்காரனும் பயந்த அரசியல்வாதிகளும் சேர்ந்து ஒரு பொற்காலத்தைக் கொன்றார்கள் என்றுதான் இன்றும் கதை சொல்லப்படுகிறது.

அந்தக் கதையில் ஒரு எண் வருவதில்லை. 1970இல் மட்டும் அவுஸ்திரேலிய வீதிகளில் 3,798 பேர் இறந்தார்கள். இந்த நாட்டின் வரலாற்றில் அதுவே மிகக் கூடிய எண்ணிக்கை. அந்த வருடக் கடைசியில்தான் விக்ரோறியா உலகிலேயே முதலாவதாக இருக்கைப் பட்டியைக் கட்டாயமாக்கியது. மசில் காருக்குள் ஓட்டுநரின் இருக்கை மட்டும் இருக்கவில்லை. பக்கத்து இருக்கையும் பின் இருக்கையும் இருந்தன. அவற்றில் இருந்தவர்களுக்கு வாக்குவாதத்தில் இடம் இருக்கவில்லை.

அதே 1972 டிசம்பரில், சம பெறுமதியான வேலைக்குச் சம சம்பளம் என்ற தீர்ப்பு வந்தது. தையல் அறைக்கு அது துக்க வருடம் இல்லை. அடுத்த வருடம் ஃபல்கன் கட்டப்பட்ட புரோட்மெடோஸ் ஆலையில் புலம்பெயர் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வேலை நிறுத்தினார்கள். அவர்களின் முறைப்பாடுகளில் முக்கியமானது வரிசையின் வேகம். வெளியே காரின் வேகத்தை அளந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், அந்தக் காரைச் செய்தவர்கள் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடினார்கள்.

பெண்கள் ஓட்டவே இல்லையா? ஓட்டினார்கள். 1981இல் கிறிஸ்ரீன் கிப்சன், ஜோ மூரோடு சேர்ந்து ஃபல்கன் ஓட்டிப் பாத்தர்ஸ்ட்டில் ஆறாவதாக வந்தார். 1998இல் மெலிண்டா பிறைஸ், கெரின் புருவர் இருவரும் பதினோராவதாக வந்தார்கள். 2015இல் சிமோனா டி சில்வெஸ்ட்ரோவும் ரெனே கிறேசியும் ஃபல்கனில் இறங்கியபோது, சக ஓட்டுநர் ஒருவர் செய்தியாளர் கூட்டத்தில் அவர்களுடைய காரைப் பெண்ணுறுப்பைக் குறிக்கும் வசைச்சொல்லால் அழைத்தார். 25,000 டொலர் தண்டம். அன்று எங்கள் வீட்டில் சித்தப்பா, “பகிடிக்குச் சொன்னதுக்கு இவ்வளவு காசோ?” என்றார். அண்ணா பேசவில்லை. அம்மா குசினியிலிருந்து, “அந்தப் பிள்ளையள் முடிச்சவையோ?” என்று கேட்டார். முடித்தார்கள். இடையில் சுவரில் மோதி, திருத்தி, திரும்ப வந்து முடித்தார்கள்.

அம்மாவுக்கு அப்போது வேலை இல்லை. 2004இல் இரண்டு மணிக்கட்டும் விட்டுப்போயின. ஆலை அனுப்பிய வைத்தியர், வீட்டில் தேங்காய் துருவுவதால் வந்திருக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். இந்த நாட்டில் புலம்பெயர் தொழிலாளரின் உடல்நோவுக்கு ‘மத்தியதரைக்கடல் முதுகு’ என்று ஏளனப் பெயர் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. பெயர் மறைந்த பிறகும் சந்தேகம் மறையவில்லை.

2016 ஒக்டோபரில் ஃபோர்டும் 2017 ஒக்டோபரில் ஹோல்டனும் இங்கே கார் செய்வதை நிறுத்தின. 2020இல் ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக ஜெனரல் மோட்டர்ஸ் அறிவித்தது. பழைய கார்களின் விலை ஏறியது. 2021இல் ஒரு ஃபேஸ் த்ரீ பத்து இலட்சம் டொலரைத் தாண்டி விற்கப்பட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் அண்ணா எங்களை ஒரு பழைய கார்க் காட்சிக்குக் கூட்டிப்போனார். புல்வெளியில் ஒரு 1971 ஃபல்கன். கண்ணாடியில் ‘தொடவேண்டாம்’ என்றும், உட்புறம் மூலத் தையலோடு இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. மூலத் தையல் என்றால் விலை கூடும். அண்ணா எஞ்சின் பக்கம் போனார். அம்மா திறந்திருந்த பின்கதவு வழியாகக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இது ஒராள் தைச்சதில்லை,” என்றார். “இந்தக் கரை தைச்சவ கை உறுதியான ஆள். அங்காலை தைச்சவ புதுசு. வளைவிலை பயந்து மெதுவா விட்டிருக்கிறா. தையல் நெருங்கிப் போச்சு.”

நான் அதைக் காரின் சொந்தக்காரருக்கு மொழிபெயர்த்தேன். அந்தக் காரின் ஒவ்வொரு ஆணியின் இலக்கத்தையும் அறிந்த மனிதர் அவர். முப்பது வருடமாக அந்த இருக்கையைப் பார்க்கிறேன், எனக்கு இது தெரியாது என்றார். பிறகு அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். எந்த ஊசி, என்ன நூல், ஒரு நாளைக்கு எத்தனை. அண்ணா எஞ்சினை விட்டு வந்து பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதில்கள் அவருக்கும் புதியவை. எனக்கும் புதியவை. பதினான்கு வருடம் அந்த வேலைக்குப் போய் வந்த ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தும், நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்றிரவு அம்மா சொன்னவற்றை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அவரோடு தைத்த மற்றப் பெண்களின் பெயர்களை முதலில் கேட்டேன். பதினேழு பெயர்கள் நினைவிருந்தன. கிரேக்கத்தினர், துருக்கியர், வியட்னாமியர், எங்கள் ஆட்கள் மூவர். அந்தப் பெயர்களை இங்கே எழுத அவர்களிடம் இன்னும் அனுமதி கேட்கவில்லை. கேட்பதற்காக இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.