யார்க்‌ஷயர் வட்டார வழக்கும் அதன் பெருமித வரலாறும்

முன்னுரை

நம் பகுதிப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆங்கிலம் என்றாலே அது ஒரே தன்மையுடைய மொழியாகக் கருதப்படுகின்றது. பாடநூலிலும் இலண்டன் ஒலிபரப்பிலும் நாம் கண்டும் கேட்டும் பழகிய ஆங்கிலமே அம்மொழியின் முழு உருவம் என்னும் எண்ணம் ஆழ வேரூன்றியுள்ளது. தொல்காப்பியம் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் திசைச்சொல்லையும் வைத்து எண்ணிய மரபில் வந்த நமக்கு, ஆங்கிலத்தின் திசை வழக்குகள் குறித்த அறிவு மிகக் குறைவாகவே இருப்பது வியப்புக்குரியது. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கு வட்டார வழக்கு எவ்வாறு பெருமிதத்திற்குரிய பொருளாயிற்று என்பதை இக்கட்டுரையில் ஆராய்கின்றோம். இப்பெருமிதம் பழமையின் இயல்பான எச்சம் அன்று. வழக்கு அழிகின்றது என்னும் அச்சத்தில், பெரும்பாலும் அவ்வழக்கின் உலகை விட்டு விலகிச் சென்றவர்களால் உருவாக்கப்பட்டது என்பதே நம் கருத்தாகும்.

யார்க்‌ஷயர் வழக்கின் பழமையை ஐயுறுவதற்கில்லை. 866ஆம் ஆண்டில் டேனிய வைக்கிங் படையினர் யார்க் நகரைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து அவர்களது குடியேற்றம் பரவியது. அதன் தடம் இன்றும் ஊர்ப்பெயர்களில் காணக்கிடைக்கின்றது. யார்க் நகரத் தெருப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் வரும் ‘கேட்’ என்பது வாயிலைக் குறிப்பதன்று. தெருவைக் குறிக்கும் பழைய நார்டிக் சொல்லின் திரிபு ஆகும். சிற்றோடையைக் குறிக்கும் ‘பெக்’, விளையாடுதலைக் குறிக்கும் ‘லேக்’ ஆகியனவும் அவ்வாறே வந்தவை. இவற்றுள் ‘லேக்’ என்னும் சொல் கம்பளி ஆலைகள் பெருகிய பின்னர்ப் புதிய பொருளொன்றைப் பெற்றது. ஆலை மூடப்பட்டு வேலையின்றி இருப்பதையும் தொழிலாளர் அச்சொல்லாலேயே குறித்தனர். விளையாட்டைச் சுட்டிய சொல் வேலையின்மையைச் சுட்ட வந்தது அப்பகுதியின் சமூக வரலாற்றை நூறு பக்கங்களை விடத் தெளிவாகக் கூறுகின்றது எனலாம்.

தமிழ் கற்பிப்போர் கவனிக்கத்தக்க கூறு மற்றொன்றும் உண்டு. பொதுத்தர ஆங்கிலம் முன்னிலை ஒருமையை அன்றாட வழக்கிலிருந்து இழந்துவிட்டது; யார்க்‌ஷயர் வழக்கோ ‘தா’ என்னும் வடிவில் அதனைக் காத்துக்கொண்டது. நெருங்கியவரையும் இளையவரையும் அவ்வாறு அழைக்கலாம். மூத்தோரை அவ்வாறு விளித்தல் மரியாதைக் குறைவாகும். நம்முடைய நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை அறிந்த மாணவருக்கு இதனை விளக்குவது எளிது.

ஆலைச் சிறுவனும் அகராதியும்

வழக்கு பழமையானதாயினும் அதனைப் போற்றும் மனப்பாங்கு பெரிதும் பத்தொன்பதாம் நூற்றாண்டினுடையது. இருப்புப்பாதையும் மலிவான அச்சும் ஊர்களை இணைத்த காலத்தில்தான் வட்டார வழக்கில் எழுதப்பட்ட நூல்களுக்குச் சந்தை உண்டாயிற்று. 1860களில் ஹாலிஃபாக்ஸ் நகரில் தொடங்கப்பட்டு ஜான் ஹார்ட்லியின் எழுத்தால் புகழடைந்த ‘கிளாக் அல்மனாக்’ என்னும் ஆண்டுமலர் இதற்குச் சான்று. ஒரு தொப்பிக் கடையின் விளம்பரமாகப் பிறந்த அவ்வெளியீடு, ஆலைத் தொழிலாளரின் பேச்சிலேயே நகைச்சுவையும் பாட்டும் தந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.

எனினும் இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் ஜோசப் ரைட் (1855–1930). பிராட்ஃபோர்டு நகருக்கு அருகில் வறிய குடும்பமொன்றில் பிறந்த இவர், ஆறு வயதில் கற்சுரங்கத்தில் கழுதை வண்டி ஓட்டினார். பின்னர் சால்ட்டேர் என்னும் ஊரில் டைட்டஸ் சால்ட் நிறுவிய பெரிய கம்பளி ஆலையில் ‘டாஃபர்’ ஆனார். நூற்கும் பொறியில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெறும் பாபின்களை மாட்டுவது அவ்வேலை. ஆலைப் பள்ளியில் அரைநாள் அமர்ந்தும் அவருக்கு எழுத்து வாய்க்கவில்லை. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது உடன் பணியாற்றியோர் செய்தித்தாள் படிக்கக் கேட்டு, தாமும் படிக்க வேண்டும் என்னும் வேட்கையால் பதினைந்து வயதளவில் தாமே எழுதப் படிக்கக் கற்றார். இரவுப் பள்ளியில் பிரெஞ்சும் ஜெர்மனும் இலத்தீனும் பயின்றார். சேமித்த பணத்துடன் ஜெர்மனிக்குச் சென்ற அவர் 1885இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1901இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாக்ஸ் முல்லருக்குப் பின் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரானார்.

கிழக்கின் புனித நூல்கள் வரிசையால் நாம் அறிந்த மாக்ஸ் முல்லரின் இருக்கையில் ஓர் ஆலைச் சிறுவன் அமர்ந்தான் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அவ்விருக்கையை அடையுமுன்பே, 1892இல், தாம் வளர்ந்த விண்ட்ஹில் சிற்றூரின் பேச்சுக்கு இலக்கணம் எழுதினார் ரைட். கிரேக்கத்திற்கும் கோதிக்கிற்கும் கையாண்ட அதே ஒலியியல் முறையைத் தம் தாயின் பேச்சுக்கும் கையாண்டது அவரது துணிவு. 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக நிறைவுற்ற ஆங்கில வட்டார வழக்கு அகராதி அவரது பெரும்பணியாகும். 1873இல் நிறுவப்பட்ட ஆங்கில வட்டார வழக்குக் கழகம் திரட்டிய தரவுகளும், நாடெங்கும் இருந்த தன்னார்வலர்கள் அனுப்பிய சொற்சீட்டுகளும் அதற்கு அடித்தளமாயின. கல்வியின் பரவலாலும் போக்குவரத்து வசதியாலும் தூய வழக்கு விரைந்து மறைகின்றது என்னும் கருத்தை ரைட் தம் இலக்கண நூலில் பதிவு செய்துள்ளார். அக்கல்வியின் பயனாகவே அவர் ஆக்ஸ்ஃபோர்டை அடைந்தார் என்பதும் உண்மையன்றோ?

இவ்வகராதிக்குச் சொல் திரட்ட அவரது தூண்டுதலால் 1894இல் யார்க்‌ஷயரில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவே 1897இல் யார்க்‌ஷயர் வட்டார வழக்குக் கழகமாக உருமாறியது. முதலில் அகராதி வேலை. அதன் பின்னரே பெருமிதக் கழகம். இவ்வரிசைமுறை நம் கருத்துக்கு வலுச் சேர்க்கின்றது. ரைட்டின் மாணவரான டோல்கீன் லீட்ஸில் பணியாற்றிய நாள்களில் இக்கழகத்தில் உறுப்பினராக இருந்ததோடு, ஹட்டர்ஸ்ஃபீல்டு வட்டார வழக்குச் சொற்கோவைக்கு 1928இல் முன்னுரையும் வழங்கினார்.

தமிழுக்கும் இப்பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1934இல் தமிழ் ஒலிப்பு பற்றிய சிறுநூலொன்றை வெளியிட்ட மொழியியல் அறிஞர் ஜே. ஆர். ஃபர்த், சால்ட்டேரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கீத்லி என்னும் ஆலை நகரில் 1890இல் பிறந்தவர்.

பள்ளியும் வானொலியும்

அறிஞர் அகராதி தொகுத்த அதே காலத்தில் பள்ளி எதிர்த்திசையில் இயங்கியது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப் பின் தொடக்கக் கல்வி எங்கும் பரவியது. 1921இல் வெளிவந்த நியூபோல்ட் அறிக்கை, பொதுத்தர ஆங்கில உச்சரிப்பைப் பயிற்றுவதைத் தொடக்கப் பள்ளியின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. வட்டார வழக்கை ஒழிப்பது தம் நோக்கம் அன்று என்றும் அது கூறிற்று. ஆனால் திருத்தப்படும் குழந்தைக்கு இந்நுண்ணிய வேறுபாடு புலப்பட்டிருக்க வாய்ப்பில்லை. டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி தனக்கு அளவுகோலாகக் கொண்டது, உயர்குடி விடுதிப் பள்ளிகளில் பயின்ற ஆடவரைக் கொண்ட தென்னிங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சை. 1926இல் பிபிசி, கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைமையில் உச்சரிப்பு ஆலோசனைக் குழுவை அமைத்தது. 1941இல் ஹாலிஃபாக்ஸ்காரரான வில்ஃபிரட் பிக்கிள்ஸ் தேசியச் செய்தியை வாசித்து, வடநாட்டவருக்குத் தனியே ‘குட் நீட்’ என்று வாழ்த்துக் கூறியபோது பெரும் விவாதம் எழுந்தது. அத்தகைய குரலில் கேட்கும் செய்தியை நம்ப இயலவில்லை என்றோரும் இருந்தனர்.

போருக்குப் பின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஆர்ட்டனும் சூரிச் பல்கலைக்கழகத்தின் ஆய்கன் டீத்தும் வகுத்த ஆங்கில வட்டார வழக்குக் கள ஆய்வு 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் நடைபெற்றது. ஏறத்தாழ 1,300 வினாக்கள் கொண்ட வினாநிரலுடன் ஆய்வாளர் ஊரூராகச் சென்றனர். அதன் பயனை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர்கள் தேடியவர்கள் நாட்டுப்புறத்து முதியோர், அவருள்ளும் பெரும்பாலும் ஆடவர். சில நகரங்கள் சேர்க்கப்பட்டிருப்பினும், ஆலைப் பெண்களின் பேச்சு அத்திட்டத்தின் விளிம்பில்கூட இடம்பெறவில்லை என்றே சொல்லவேண்டும். ரைட்டின் அன்னையையே ஆய்வாளர் சந்தித்திருந்தாலும் அவரைத் தகுந்த தகவலாளராகக் கொண்டிருப்பார்களா என்பது ஐயமே. வயலின் மொழியே தூயது, ஆலையின் மொழி கலப்புற்றது என்னும் முன்முடிவு பெருமிதத்தினுள்ளும் ஒரு படிநிலையை உண்டாக்கியது.

முனைவர் பட்ட ஆய்வுக்காக வட இங்கிலாந்தில் தங்கியிருந்த ஆண்டுகளில் இதன் விளைவை நாம் நேரில் கண்டோம். வட்டாரச் சொற்கள் பொறித்த தேநீர்க் குவளைகளும் துவாலைகளும் கடைகளில் விற்பனையாயின. நமக்கு அறை வாடகைக்குத் தந்த மூதாட்டியோ, இளமையில் கம்பளி ஆலையில் உழைத்தவர், நம்மிடம் பேசும்போதெல்லாம் தம் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்பார். பள்ளியில் ‘ஒன்றுமில்லை’ எனப் பொருள்படும் ‘நௌட்’ என்னும் சொல்லைச் சொன்னதற்காக வகுப்பின் முன் நிறுத்தப்பட்டதை அவர் மறந்திருக்கவில்லை. அச்சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வழிவழி வந்தது என்று நாம் கூறியதை அவர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்; நம்பியதாகத் தெரியவில்லை. ஒருநாள் நூலகத்தில் ரைட்டின் அகராதியிலிருந்து ‘லேக்’ என்னும் பதிவை நகலெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியை அணிந்து, விரலை வரியின்மேல் வைத்து, மெல்லப் படித்தார். இதை எழுதியவர் யார் என்று வினவினார். ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் என்றோம், தலையசைத்தார். சால்ட்டேர் ஆலையில் டாஃபராக இருந்தவர் என்றோம். அப்போதுதான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, அவர் எத்தனை வயதில் ஆலைக்குச் சென்றார் என்று கேட்டார்.