துருத்தி பூட்டிய பென்ட்லி

கொல்லன் பட்டறையில் துருத்தியை ஊதினால் கரி கனன்று எரிகிறது. காற்று கூடினால் நெருப்பு கூடும், அவ்வளவுதான். இதே கணக்கைக் கார் எஞ்சினுக்குள் கொண்டுபோனதுதான் சூப்பர்சார்ஜர். அதை வைத்து 1920களின் கடைசியில் இங்கிலாந்தில் நடந்த வாதம் நம் வாசகர்கள் அறியத் தக்கது.

பென்ட்லி கம்பெனி 1927இல் கொண்டுவந்த நாலரை லிட்டர் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். பந்தயக் காரில் அது சுமார் 130 குதிரைத்திறன் தந்தது. போட்டியாளர்களை வெல்ல அது போதாது என்றானபோது இரண்டு கட்சிகள் கிளம்பின. கம்பெனியை நிறுவிய டபிள்யூ.ஓ. பென்ட்லி, "வேகம் வேண்டுமா, எஞ்சினைப் பெரிதாக்கு" என்ற கட்சி. அவர் நம்பியது ஆறரை லிட்டர் 'ஸ்பீட் சிக்ஸ்' காரை. பந்தய வீரர் டிம் பர்கினோ, இருக்கிற எஞ்சினுக்கே துருத்தி பூட்டலாம் என்றார். டோரதி பேஜெட் என்ற செல்வச் சீமாட்டி பணம் போட, ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார்.

ரேடியேட்டருக்கு முன்னால் அது பெட்டிபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையே அதை ஓட்டும். உள்ளே இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றி, கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் கலந்த காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்கும். 130 ஆக இருந்த குதிரைத்திறன் 240 ஆச்சு!

சும்மா வருமா? துருத்தியைச் சுற்றவே எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு போகும். பெட்ரோல் செலவு ஏறும். அதிகம் எரிவதால் எழும் சூட்டை அதே பிஸ்டனும் அதே வால்வும்தானே தாங்க வேண்டும்?

1930இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பர்கின் அணியின் துருத்திக் கார்கள் இரண்டும் பாதியில் நின்றன. ஸ்பீட் சிக்ஸ் கார்கள் முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றன. ஆனால் அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில், இலகுவான புகாட்டிகளுக்கு நடுவே பர்கின் இரண்டாவதாக வந்தார். 1932இல் ஒற்றை இருக்கைத் துருத்திக் காரில் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தை மணிக்கு 137.96 மைல் வேகத்தில் சுற்றினார். அந்தச் சாதனை 1934 வரை நின்றது.

அப்படியானால் யார் கணக்கு சரி? வியாபாரிக்கு இது புரியும். முதலைப் பெருக்கி நடத்தும் கடை ஒரு வகை, கடன் வாங்கிச் சரக்கை நிரப்பும் கடை இன்னொரு வகை. சந்தை நாளில் இரண்டாவது கடை ஜொலிக்கும். வருஷம் முழுக்கத் தாங்குமா என்பதே கேள்வி. பென்ட்லி கம்பெனியும் தப்பவில்லை. 1931இல் நொடித்து, ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது.

இன்று நம் தெருவில் ஓடும் டீசல் கார்களில்கூட டர்போ இருக்கிறது. புகைக்காற்றால் சுழலும் துருத்தி அது. நல்ல உலோகமும் குளிர்விப்பும் வந்தபின் பர்கினின் ஆசை வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதைத் தாங்கும்படி எஞ்சினை முதலிலிருந்தே வடிக்கிறார்களே, அது பென்ட்லியின் எச்சரிக்கைக்குக் கிடைத்த மரியாதை.