பிறகு, அல்லது

சட்டப் புத்தகம் வக்கீல்களுக்கானது, அதில் எழுத்தாளனுக்கு வேலையில்லை என்ற அபிப்ராயம் நம்மிடையே பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. சொற்களை அவற்றின் எடை தெரிந்து படிக்க வேண்டும் என்று கவிதை விஷயத்தில் இவ்வளவு வற்புறுத்துகிற நாம், ஒரு பெண்ணின் ஆயுளையே தீர்மானித்த இரண்டு சிறு சொற்களைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அந்தப் பெண் என் அத்தை. சொற்கள் 'அல்லது', 'பிறகு'.

கேளம்பாக்கம் இன்றைக்கு அடுக்குமாடிகளின் ஊர். அத்தை வாழ்க்கைப்பட்ட காலத்தில் அது உப்பளம். மாமா அளத்தில் கணக்கு எழுதினார். 1951-ல் நடந்தது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை. சொற்பொழிவு இருந்தது, மாலை மாற்றிக்கொண்டார்கள். தாத்தாவின் பிடிவாதம் அது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்கு அவர் போயிருந்தார். பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை, மணத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமை என்று அங்கே நிறைவேறிய தீர்மானங்களைக் கடைசிவரை ஒப்பிப்பார். தீர்மானம் வேறு, சட்டம் வேறு என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் மகளை அப்படிக் கட்டிக்கொடுத்தார்.

1953-ல் சென்னை உயர் நீதிமன்றம், தெய்வானை ஆச்சி - சிதம்பரம் செட்டியார் வழக்கில், சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி திருமணமே ஆகாது என்று தீர்ப்பளித்தது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுங்காலம் வழங்கிவந்த வழக்கமும் இல்லை, புதிதாக ஒரு சடங்கை யாரும் நினைத்தபடி உண்டாக்கிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். அந்த வருஷக் கடைசியில்தான் அத்தைக்கு மகன் பிறந்தான்.

மாமா வீட்டாருக்குத் தீர்ப்பு வசதியாக இருந்தது. இரண்டு வருஷத்துக்குள் மாமா தன் தாய் வீட்டோடு போய்விட்டார். அத்தை அளத்தில் உப்பு வாரப் போனாள். சட்டம் அவளை எங்கே நிறுத்தியது என்று பார்க்க வேண்டும். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு, சட்டமுறையற்ற பிள்ளைக்கும் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை தந்தது. தாய்க்கு அந்த உரிமை அவள் மனைவியாக இருந்தால் மட்டும். 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டமோ, சட்டமுறையற்ற பிள்ளை தாய்க்கும் தன் உடன்பிறப்புகளுக்கும் மட்டுமே உறவு என்றது. ஆக, பையனுக்குத் தகப்பனிடம் கஞ்சிக்குக் காசு கேட்கலாம், அவர் வீட்டுத் திண்ணையில் பங்கு கேட்க முடியாது. அந்தப் பிள்ளை யாருடையது என்ற கேள்வியைச் சட்டம் நேராகக் கேட்கவே இல்லை. இவள் மனைவியா என்றுதான் கேட்டது.

அதே 1956-ல் வந்த இளவர் காப்புரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். சட்டமுறைப் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய். சட்டமுறையற்ற பிள்ளைக்குத் தாய், அவளுக்குப் பிறகு தந்தை. அதாவது தன் பிள்ளையின் மேல் ஒரு தாய்க்கு முதல் உரிமை கிடைக்க வேண்டுமானால் அவள் மனைவியாக இருக்கக் கூடாது. அத்தை அந்த வகையில் முழு உரிமை பெற்றிருந்தாள். ஊர் அவளை என்ன சொன்னாலும், பள்ளிக்கூடத்தில் அவள் கையெழுத்துதான் செல்லும்.

அண்ணாதுரை ஆட்சி 1967-ல் கொண்டுவந்த திருத்தம் 1968 ஜனவரியில் அமலாயிற்று. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவு சேர்ந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை, அல்லது மோதிரம், அல்லது தாலி. அந்த 'அல்லது'வில் ஒரு நூற்றாண்டின் வாதம் இருக்கிறது. தாலியும் வேண்டும் என்று எழுதியிருந்தால் அத்தையின் திருமணம் மறுபடியும் செல்லாது. முன்பு நடந்த திருமணங்களையும் சட்டம் செல்லும் என்றது. அவற்றில் பிறந்த பிள்ளைகள் சட்டமுறைப் பிள்ளைகள் என்றது. தாத்தா தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்.

1969-ல் பையனுக்குத் தொழிற்பயிற்சியில் இடம் கிடைத்தது. பதினைந்து வயது. ஒப்பந்தத்தில் காப்பாளர் கையெழுத்து வேண்டும். அத்தை போட்டாள். அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தகப்பன் உயிரோடு இருக்கிறார், கல்யாணம் செல்லும், அவர் கையெழுத்து வாங்கி வா. மாமா போட மறுத்தார். கெடு முடிந்தது. பையன் அளத்துக்கே போனான்.

"நேத்து வரிக்கும் இவனுக்கு நான் ஒருத்திதான். இன்னைக்கு கவர்மெண்டு ஒரு அப்பனக் குடுத்துட்டு என்ன ஒதுங்கி நில்லுன்னுது" என்றாள் அத்தை. தாத்தா பதில் சொல்லவில்லை.

திருத்தத்தைக் குறைகூறுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வராவிட்டால் ஆயிரமாயிரம் பெண்கள் மனைவி என்ற சொல்லுக்கு வெளியிலேயே இறந்திருப்பார்கள். நான் சொல்வது வேறு. 'அல்லது' அத்தைக்கு மனைவி என்ற இடத்தைக் கொடுத்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே காத்திருந்த 'பிறகு' அவளுடைய தாய் ஸ்தானத்தைப் பின்னால் தள்ளியது. சீர்திருத்தம் சடங்கைத் தொட்டது. தகப்பன் முதல் என்ற வரிசையைத் தொடவில்லை.

கோயம்புத்தூரில் பிறந்த ஆங்கில நாவலாசிரியை கீதா ஹரிஹரன், 1984-ல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தகப்பன் கையெழுத்து கேட்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 'பிறகு' என்பதற்கு 'இறந்த பிறகு' என்று பொருளல்ல, தந்தை 'இல்லாதபோது' என்று பொருள் என்றது. பிள்ளையைக் கவனிக்காமல் விட்டவரும் இல்லாதவரே. ஒரு சொல்லை ஒரு எழுத்தாளர்தான் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. ஆனால் நீதிமன்றம் சொல்லுக்குப் புது அர்த்தம் கொடுத்ததே ஒழிய, சொல்லை நீக்கவில்லை. தகப்பன் இல்லாமையின் வழியாகத்தான் தாய் இன்றும் உள்ளே வருகிறாள். 2015-ல் மணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலே காப்பாளர் ஆகலாம் என்று தீர்ப்பு வந்தது. 2023-ல், செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்குரிய பங்கில் உரிமை உண்டு என்று வந்தது. பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்க இவ்வளவு காலம். 6-ஆம் பிரிவின் வாசகம் அப்படியேதான் இருக்கிறது.

அத்தை 1994-ல் போய்விட்டாள். அத்தை மகனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவள் தகரப் பெட்டியில் அவனுடைய பள்ளித் தேர்ச்சி அட்டைகள் எல்லாம் இருக்கின்றன. காப்பாளர் என்ற இடத்தில், வருஷா வருஷம், கோணல் எழுத்தில் அவள் கையெழுத்து. கடைசியில் அந்தப் பயிற்சி ஒப்பந்தத் தாளும் இருக்கிறது. அதில் அவள் பெயரை யாரோ அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் வேறு பெயர் எழுதப்படவில்லை.