பஞ்சாபி என்றொரு படத்தொகுப்பாளர்

‘பராசக்தி’ (1952) படத்தின் பெயர்ப்பட்டியலில் படத்தொகுப்பு: பஞ்சாபி என்று வரும். வடநாட்டார் ஒருவர் என்றுதான் எண்ணத் தோன்றும். அவரோ கும்பகோணத்தை அடுத்த உமையாள்புரத்தில் 1915இல் பிறந்த பஞ்சாபகேசன். கிருஷ்ணன் - பஞ்சு இரட்டை இயக்குநர்களில் இரண்டாமவர். இயக்கத்துக்கு ஒரு பெயரும் கத்தரிக்கு வேறு பெயருமாக வாழ்ந்தவர்.

அவரது தொழிற்பயிற்சி பெரும்பாலும் இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டியே நடந்தது. ராஜா சாண்டோவிடம் உதவியாளராகவும் உதவிப் படத்தொகுப்பாளராகவும், எல்லிஸ் ஆர். டங்கனிடம் உதவி இயக்குநராகவும் இருந்தார். கிருஷ்ணனோ கோயம்புத்தூர் கந்தன் ஸ்டூடியோவில் படச்சுருள் கழுவும் கூடத்தைக் கவனித்தவர். கழுவுபவரும் வெட்டுபவரும் சேர்ந்து 1944இல் ‘பூம்பாவை’யை இயக்கினர்.

அந்த நாட்களில் படச்சுருள் பொன்னுக்குச் சமம். இந்தியாவில் அது உற்பத்தியாகவில்லை, கப்பலில்தான் வரவேண்டும். கப்பல்களுக்கோ யுத்தப் பணி. பாட்டின் மேல் பாட்டாக மூன்று மணித்தியாலம் தாண்டி ஓடிய தமிழ்ப் படங்களுக்கு 11,000 அடிதான் எல்லை என அரசு விதித்தது. நிமிடத்துக்கு 90 அடி வீதம் கணக்குப் பார்த்தால் இரண்டு மணித்தியாலமும் இரண்டு நிமிடமும் வரும். (கணக்குப் பாடம் விட்டுப்போகவில்லை!) எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்வி தமிழ்ப் படத்துக்கு அப்போதுதான் கட்டாயமாயிற்று என்பது என் எண்ணம்.

யுத்தம் முடிந்து ஏழாண்டு கழித்து வந்த பராசக்தியின் கதையும் 1942இலேயே தொடங்குகிறது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. சென்னையிலும் மக்கள் ஊரைக் காலிசெய்து ஓடினர். பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்தனர். கூலித் தொழிலாளர், செட்டியார், தமிழ் முஸ்லிம் வணிகர் எல்லோருமே. படமோ வசதியான ஒரு குடும்பத்தின் சகோதரர் வழியாக மட்டுமே அந்த நடையைச் சொல்கிறது. வழியிலேயே மாண்டுபோன கூலிகள் அதில் இல்லை. இந்தக் குறை கத்தரியினுடையதல்ல, கதையினுடையது.

கொழும்பு மைலன் தியேட்டரில் அப்படம் மாதக்கணக்கில் ஓடியது. நீதிமன்ற வசனத்தை மனனம் செய்து ஒப்பித்தோர் மலையகத்திலும் பலர். கருணாநிதியின் பேனாவுக்கும் சிவாஜியின் குரலுக்கும் அந்தப் புகழ் போயிற்று, போகவேண்டியதும்தான். ஆனால் அந்த நீண்ட பேச்சில் எங்கே அவர் முகத்தை விட்டுக் கேட்பவர் முகத்துக்கு மாறுவது என்று தீர்மானித்த கையை யாரும் கேட்டதில்லை. பஞ்சு 1984இல் காலமானார்.